கத்துகிற டயர்

வண்டி வந்து நின்று இஞ்சின் அணைவதற்குள் குல்ஷன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவார். ஓட்டி வந்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைப் படிப்பார். எந்த வருடத்தின் எத்தனையாவது வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்பது அதில் இருக்கிறது. பிறகு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி எடுத்து, விழுந்த பள்ளம் எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று கவனிப்பார். அதற்கப்புறம்தான் வந்தவருக்கு வணக்கமோ சலாமோ.

"பட்டன் தேயாம நெறையா கீதுன்னு பாக்காதண்ணா. ஆறு வயசு ஆயிட்சு இதுக்கு. உள்ள கல்லு மாதிரி கீது."

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் அரைகுறையாக மறைந்து கிடக்கும் இரண்டு ஷட்டர் கடை அது. கழற்றுவது, மாட்டுவது, காற்று பிடிப்பது எல்லாம் கணவர் ஷவுகத் அலி. நாள் முழுக்க அவர் பேசுவது "ஏத்திட்டேன்", "எறக்கிட்டேன்" என்ற இரண்டு சொற்கள்தான். எந்த வண்டிக்கு எந்த டயர் என்று சொல்வது குல்ஷன். நாற்பத்தாறு வயது. தலையில் போட்ட துப்பட்டாவின் ஓரத்தில் எப்போதும் டயரில் குறி போடும் மஞ்சள் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். வாயில் சோம்பு.

கார் ஓட்டத் தெரியாது அவருக்கு. ஸ்கூட்டர்கூடத் தெரியாது. இதைக் கேள்விப்பட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார். "மீனு பாத்து வாங்கறதுக்கு கடல்ல நீஞ்சத் தெரியணுமா இன்னா?"

டயர்களுக்கு அவர் கம்பெனிப் பெயரைச் சொல்வது குறைவு. ஒன்று அழுமூஞ்சி. ஒன்று சோம்பேறி. மழைக்கு நல்லது என்றால் 'குடும்பஸ்தன்'. பந்தயத்துக்கென்றே செய்து, சாலையிலும் ஓட்டலாம் என்று விற்கிற மெத்து ரப்பர் டயருக்கு 'ஊமைக்குசும்பன்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

இந்தக் கடைக்கு ஸ்போர்ட்ஸ் கார்கள் வருவதற்குக் காரணம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்குக்குப் போகும் வழி இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே ஓட்டிப் பழகப் போகும் பிள்ளைகள், சனிக்கிழமை சாயங்காலம் இங்கே நிற்பார்கள். எல்லோரும் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து கேட்பது ஊமைக்குசும்பனைத்தான். குல்ஷன் தரமாட்டார். டயரின் பக்கவாட்டில் தேய்மானத்துக்கென்று ஓர் எண் இருக்கும். முந்நூறுக்கு மேலே இருந்தால் ரப்பர் கொஞ்சம் கெட்டி. இருநூறு, நூறு என்று இறங்க இறங்க மெத்து. முதல் முறை டிராக்குக்குப் போகிறவனுக்கு முந்நூறுக்குக் கீழே அவர் கையால் எடுத்துக் கொடுத்ததில்லை.

"மொதல்ல கத்துற டயர வாங்கு. கத்தாதது அப்பாலிக்கா."

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரை நச்சரித்து ஒருமுறை டிராக்குக்குப் போயிருக்கிறார். உள்ளே ஓடிய வண்டிகளை அவர் அதிகம் பார்க்கவில்லை. வேலி ஓரமாக ஒரு வளைவுக்கு எதிரே நின்றுகொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். சாதாரணத் தெரு டயர் வளைவில் முதலில் முனகியது. இன்னும் வேகமாகத் திருப்பினால் அழுதது. அதற்கும் மேலே போனால் ஊளையிட்டது. அதற்கப்புறம்தான் வழுக்கியது. மெத்து டயர் மாட்டிய வண்டி ஒன்று சத்தமே இல்லாமல் வந்து, சத்தமே இல்லாமல் சுழன்று, புல்லில் போய் நின்றது. ஓட்டியவன் இறங்கி, என்ன நடந்தது என்று தெரியாமல் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான். வீடு திரும்பும் வழியில் குல்ஷன் கணவரிடம் சொன்னார். "அது கெட்ட டயரு இல்லங்க. நல்ல டயருதான். ஆனா அத்த ஓட்றவன் ஏற்கெனவே கத்துக்கினு வந்திருக்கணும். இது சொல்லிக் குடுக்காது."



ஸ்ரீகாந்த் அந்தக் கடைக்கு முதலில் வந்தது ஒரு மார்ச் மாதத்தில். முப்பது வயதிருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அப்பா ஆவடியில் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கே உரிய ஒரு பணிவு அவனிடம் இருந்தது. வண்டி மட்டும் பணிவானதில்லை. இரண்டு கதவு, செவ்வண்ணம், மூன்று கை மாறிய பழைய வெளிநாட்டு வண்டி. அதைத் துடைக்கும் துணியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான்.

வழக்கம்போல அவனும் ஊமைக்குசும்பனைத்தான் கேட்டான்.

"எத்தினி தடவ டிராக்குல ஓட்டிக்கீற?"

"இதான் முதல் தடவ அக்கா."

"அப்ப நீ ஓட்டப்போறது வேகத்துக்கு இல்ல தம்பி. உன் கை இன்னா பண்ணுது, கால் இன்னா பண்ணுதுன்னு தெரிஞ்சிக்கத்தான். அத்த உனக்கு யாரு சொல்லுவா? பக்கத்துல குந்திகினு சொல்ல ஆளு இல்லாதப்ப டயருதான் சொல்லணும்."

மற்றவர்கள் இந்த இடத்தில் வேறு கடையைப் பார்த்துப் போய்விடுவார்கள். ஸ்ரீகாந்த் போகவில்லை. கைப்பேசியை எடுத்து அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டான். குளிர்ந்த டயரில் முப்பது காற்று வை, நாலு ரவுண்டு ஓடினால் சூட்டில் அதுவே முப்பத்தைந்துக்கு ஏறும், ஏறினதும் இறக்கு. ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போ, கோடு எதுவரைக்கும் அழிகிறதென்று பார். ஒவ்வொன்றையும் எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினான். குல்ஷனுக்கு அந்தப் படித்துக் காட்டியது பிடித்துப்போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை அவன் வந்து நின்றான். குல்ஷன் குந்தி உட்கார்ந்தார். முன்பக்க இடது டயரின் வெளி ஓரத்தை விரலால் தடவினார்.

"வளைவுல பயப்பட்ற. வண்டி திரும்பலன்னு இன்னும் இன்னும் ஸ்டேரிங்க ஒடிச்சிகினே போற. பாரு, ஓரம் சீவிக்கினு கீது. கத்துச்சா?"

"பயங்கரமா கத்துச்சு அக்கா. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

"பாக்கட்டும். அது கத்துற எடத்துல கைய லேசா விடு. உனக்குத்தான் சொல்லுது."

ஜூலையில் இரண்டாவது முறை போய் வந்தபோது ஓரம் பரவாயில்லை. ஆகஸ்டில் மூன்றாவது. அன்றைக்கு அவன் மனைவி தீபிகாவையும் கூட்டி வந்திருந்தான். அவள் வண்டியிலிருந்து இறங்கி, இந்த அம்மாளைப் பற்றி ஏற்கெனவே நிறையக் கேட்டிருந்தவள்போலக் கொஞ்சம் கூச்சத்துடன் சிரித்தாள். குல்ஷன் நான்கு டயரையும் சுற்றி வந்தார். நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. ஒரு பக்கமும் காயம் இல்லை.

"உன் ஊட்டுக்காரரு கத்துக்கினாரும்மா" என்று தீபிகாவிடம் சொன்னார். ஸ்ரீகாந்தின் காது சிவந்தது. பாராட்டைத் தாங்கத் தெரியாத முகம்.

அந்தப் பாராட்டுத்தான் வினையாயிற்று என்று குல்ஷன் இன்றும் நினைக்கிறார்.

அக்டோபர் கடைசியில், ஒரு சனிக்கிழமை, அவன் நான்கு மெத்து டயர்களைப் பின்சீட்டிலும் டிக்கியிலுமாக அடைத்துக்கொண்டு வந்தான். இணையத்தில் வாங்கியது. நாளைக்கு டிராக். போட்டுத் தர வேண்டும்.

குல்ஷன் எண்ணைப் படித்தார். நூற்றுச் சொச்சம். நடுவில் இரண்டு மெல்லிய கோடுகளைத் தவிரத் தண்ணீர் வெளியேறத் தடம் இல்லை.

"இன்னும் ரெண்டு தடவ பழசுலயே போ தம்பி. மழ மாசம் வேற."

"டிராக்குக்கு மட்டும்தான் அக்கா."

"அப்ப தனியா நாலு ரிம் வாங்கி அதுல மாட்டி வெச்சிக்கோ. அங்க போய் மாத்திக்க."

"ரிம் சொல்லியிருக்கேன். வர ரெண்டு வாரம் ஆகுமாம்." அவன் முகம் தொங்கிப்போயிற்று. எதிர்த்துப் பேசவில்லை. டிக்கியின் மூடியில் கையை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிர்த்துப் பேசியிருந்தால் குல்ஷனும் விட்டிருக்க மாட்டார். வேறு கடைக்குப் போ என்று அனுப்பியிருப்பார். ஏழெட்டு மாதமாகச் சொன்ன சொல்லையெல்லாம் எழுதி வைத்துக்கொண்ட பிள்ளை, முதல் தடவையாக ஒன்று கேட்கிறான்.

ஷவுகத் அலி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவர் முடிவெடுப்பதற்காகக் காத்திருந்தார்.

"சரி" என்றார் குல்ஷன். "ஞாயித்துக்கெழம ஓட்டு. திங்கக்கெழம காலீல இங்க வந்து நிக்கணும். பழசு நாலும் இங்கியே கீது. மாத்திட்டுத்தான் வேலைக்குப் போவணும். புரியுதா?"

"கண்டிப்பா அக்கா."

டயர் உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியை நான்கிலும் தேடிப் பார்த்து, எது இடது, எது வலது என்று மஞ்சள் சாக்பீஸால் எழுதிக் கணவரிடம் எடுத்துக் கொடுத்தது குல்ஷன்தான்.

திங்கட்கிழமை காலையில் அவன் வரவில்லை. போன் வந்தது. ஆலையில் ஆடிட், வாரம் முழுக்க நகர முடியாது, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றான். டிராக்கில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோலப் போயிற்று என்று சந்தோஷமாகச் சொன்னான். பேசியபடியே குல்ஷன் ரோட்டுக்கு வந்து மேலே பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல வெயில்.

"சரி தம்பி, பாத்துப் போ" என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பிடித்த மழை இரவுவரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது ஜேம்ஸ். பழுதான வண்டிகளைத் தூக்கிப் போகும் லாரி ஓட்டுகிறவர். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து இங்கேதான் நின்று குடிப்பார்.

"அக்கா, நம்ம கடைக்கு வருவாரே, செவப்பு வண்டி, ரெண்டு டோரு... முந்தாநேத்து நான்தான் தூக்கினேன். அவுட்டர் ரிங் ரோட்ல பாலம் எறங்குற எடம். தண்ணி தேங்கிக்கினு இருந்துச்சு. ஸ்பீடும் ஒண்ணும் பெருசா இல்லியாம், பின்னாடி வந்தவங்க சொன்னாங்கோ. அப்டியே சொய்ங்னு சுத்தி நடுச்செவுத்துல..."

"தம்பி?"

"உசுரு கீது. முதுகெலும்புன்னாங்கோ."

ஜேம்ஸ் கைப்பேசியில் படத்தைக் காட்டினார். வண்டியின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. குல்ஷனின் கண் அங்கே நிற்கவில்லை. முன்சக்கரத்துக்குப் போயிற்று. டயரில் கீறல்கூட இல்லை. மஞ்சள் சாக்பீஸால் எழுதிய 'இ' என்ற எழுத்து, மழையில் முக்கால்வாசி அழிந்து, ஒரு வளைவு மட்டும் தெரிந்தது.

அன்று அவர் ஷட்டரைச் சாத்தச் சொல்லவில்லை. அழவில்லை. வந்த வண்டிகளுக்கு டயர் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு முறை வாசலில் வண்டி நிற்கும்போதும் நிமிர்ந்து பார்த்தார். யாராவது வந்து கேட்பார்கள் என்று எதிர்பார்த்தார். போலீஸோ, இன்ஷூரன்ஸோ, அவன் அப்பாவோ, யாராவது. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. ஒருவரும் வரவில்லை. கேட்கப்படாமல் இருப்பது அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பின்சுவரோரம் அடுக்கியிருந்த அவனுடைய பழைய டயர் நான்கையும் ஒருநாள் ஷவுகத் அலி இடம் மாற்றி வைக்கப் போனார். "அது இருக்கட்டும்" என்றார் குல்ஷன். ஷவுகத் அலியும் அப்படியே விட்டுவிட்டார்.

இரவில் படுத்திருக்கும்போது ஒருமுறை ஷவுகத் அலி வாயைத் திறந்தார். "ரோட்ட விட்டுத் தண்ணி மேல ஏறிட்டா எந்த டயரும்தான் வழுக்கும்."

"தெரியுங்க" என்றார் குல்ஷன். "ஆனா பழசுல தண்ணி போறதுக்குத் தடம் கீது, அது தண்ணி மேல ஏறியிருக்காது."

டிசம்பர் நடுவில், ஒரு வியாழக்கிழமை, ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஆவடி போகும் பஸ்ஸில் ஏறிப் பருத்திப்பட்டில் இறங்கினார். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் காருக்கென்று போட்ட தகரக் கூரையின் கீழே இரண்டு செருப்பும் ஒரு தண்ணீர்க் கேனும் மட்டும் இருந்தன.

தீபிகாதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க அக்கா. உங்களப் பத்தி நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

கூடத்திலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஸ்ரீகாந்தின் மேலுடம்பு பழைய மாதிரிதான் இருந்தது. போர்வைக்குக் கீழே கால்கள் இருக்கும் இடத்தில் இரண்டு மேடு, அசைவில்லாமல். தாடி வளர்ந்திருந்தது. குல்ஷனைப் பார்த்து எழ முயன்றதுபோலத் தோள் மட்டும் எழும்பியது.

தீபிகா டீ போடப் போனாள்.

"அக்கா" என்றான் அவன் மெதுவாக. "அது கத்தவே இல்லக்கா. ஒரு சின்ன சத்தம்கூட வரல."

தண்ணீரில் எந்த டயரும் கத்தாது. பழையதாக இருந்தாலும் கத்தியிருக்காது. அவர் சொல்லிக் கொடுத்தது எதுவும் அந்த இடத்தில் உதவியிருக்காது. இதை அவனுக்குச் சொல்வதா வேண்டாமா என்று குல்ஷனுக்குத் தெரியவில்லை. அவன் போர்வையை இழுத்து மார்புவரை மூடினார்.

தீபிகா டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "உங்க பேச்ச மட்டும் இவர் கேட்டிருந்தா அக்கா... வேண்டாம் வேண்டாம்னு நீங்க சொன்னீங்களாமே. நீங்க போட மாட்டேன்னதும் வேற எங்கயோ போய்ப் போட்டுக்கிட்டு வந்திருக்காரு. எந்தக் கடைன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. ஞாபகம் இல்லையாம்."

குல்ஷன் கட்டிலைப் பார்த்தார். ஸ்ரீகாந்த் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையணையில் தலை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் அசைந்தது. வேண்டாம் அக்கா.

"போலீஸ் கேஸெல்லாம் வேண்டாம். யாருக்கு என்ன லாபம்?" தீபிகா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "அந்த ஆளப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மழைக்காலம்னு தெரியும், இவர் இதுலதான் வேலைக்குப் போவாருன்னு தெரியும். மாட்டிக் குடுக்கும்போது மனசுக்கு உறுத்தலையான்னு. அவ்வளவுதான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே தகரத்தில் முதல் தூறல் விழ ஆரம்பித்தது.

"உறுத்துச்சும்மா" என்றார் குல்ஷன்.

தீபிகாவுக்கு உடனே புரியவில்லை.

"நம்ம கடையிலதான் போட்டது. எங்கூட்டுக்காரரு ஏத்தினாரு. எது எடது, எது வலதுன்னு நான்தான் பாத்துக் குடுத்தேன். மொதல்ல வேணாம்னேன், அப்பறம் சரின்னுட்டேன். திங்கக்கெழம மாத்திக்கலாம்னு சொன்னேன், அவரு வெள்ளிக்கெழம வரேன்னாரு, அதுக்கும் சரின்னுட்டேன். ரெண்டு தபா உறுத்துச்சு. ரெண்டு தபாவும் சரின்னுட்டேன்."

ஸ்ரீகாந்த் கண்ணை மூடிக்கொண்டான். தீபிகா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு குல்ஷன் முகத்தை. கேட்க வைத்திருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருட்டும் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

குல்ஷன் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, ஸ்ரீகாந்தின் கையை ஒருமுறை தொட்டார். அவன் விரல்கள் மூடித் திறந்தன. "வரேன் தம்பி" என்று எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது மழை வலுத்துவிட்டது. பின்னால் காலடி கேட்டது. தீபிகா வந்து, நிலைக்கு உள்ளேயே நின்றபடி, கறுப்புக் குடை ஒன்றை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நீட்டினாள். குல்ஷன் வாங்கிக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது.

பஸ் நிறுத்தம் அங்கிருந்து நல்ல தூரம். தெரு முழுக்கத் தண்ணீர். துப்பட்டா நனைந்து தலையோடு ஒட்டிக்கொள்ள, குடையை விரிக்காமல், இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு குல்ஷன் நடந்தார்.